மூத்தார் வேட்டி வெளுத்தது

உட்காருங்க தம்பி. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. ஃபில்டரை அப்புறம் தொறக்கலாம், அது எங்கயும் ஓடிப் போயிடாது. தொறக்குறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் பேசணும். எங்க வீட்டுக்காரர் ஆலங்குடிக்குப் போயிருக்கார், வர பன்னெண்டு மணி ஆயிடும். அவர் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும். அதுக்குத்தான் உங்களை ஒன்பது மணிக்கே வரச் சொன்னேன்.

டீ எடுத்துக்கங்க. குடிக்கிறதுக்கு முன்னாடி கலரைப் பாருங்க. ஓரத்துல லேசாக் கறுப்புத் தட்டுதா? அதுக்குத்தான் உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். இதாவது பரவாயில்லை. போன வருஷம் வந்திருந்தீங்கன்னா எங்க கிணத்துத் தண்ணி டீயில பேனாவை முக்கி லெட்டர் எழுதியிருக்கலாம்.

எங்க ஊர் மண்ணு அப்படி. செம்பூரான் கல்லு. நாப்பது அடியில தண்ணி, ஆனா தண்ணி பூரா இரும்பு. எறைச்ச உடனே கண்ணாடி மாதிரி இருக்கும், ஏமாத்தும். அண்டாவுல ஊத்தி அரை மணி நேரம் வச்சா மேல ஒரு ஆடை கட்டும், அடியில துரு எறங்கும். சோறு வடிச்சா மஞ்சச் சோறு. வெள்ளைத் துணி துவைச்சா காவித் துணி. இதுல என்ன கூத்துன்னா, எங்க வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் குடிநீர் வாரியத்துல ஃபிட்டர். ஊருக்கெல்லாம் பைப்பு போட்டவர். சொந்த வீட்ல பல் விளக்குனா துப்புறது செங்கல் தண்ணி.

கிணத்தைப் பாத்தீங்கல்ல, நடுவுல சுவர் போகுதே. இந்தப் பாதி எங்களுக்கு, அந்தப் பாதி எங்க மூத்தாருக்கு. வீட்டுக்காரரோட அண்ணன். மாமனார் இருக்கும்போதே வீட்டைப் பிரிச்சாங்க, வயலைப் பிரிச்சாங்க, கிணத்தைப் பிரிக்க வழி தெரியலை, மேல ஒரு சுவரை எடுத்து விட்டுட்டாங்க. அவங்களுக்கு ஒரு மோட்டர், எங்களுக்கு ஒரு மோட்டர். மூத்தார் பொண்டாட்டி பேரு பொன்னழகு. எனக்கு அக்கா முறை. நான் அந்த வீட்டைப் பத்திப் பேசவே மாட்டேன் தம்பி. அடுத்த வீட்ல என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது. நேத்து அவங்க வீட்ல வாளை மீன் குழம்பு, புளி கூடிப்போச்சு, அது மட்டும் தெரியும். காத்து அடிச்சுச்சு, வாசம் வந்துச்சு, நான் என்ன பண்ண முடியும்.

எல்லாம் எங்க மேகலாவைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஆரம்பிச்சது. தஞ்சாவூர்லேருந்து எட்டுப் பேர் வந்திருந்தாங்க. விருந்தாளி வந்தா டீ போட நாங்க தெருக்குழாய்ல காவேரித் தண்ணி பிடிச்சு வச்சுக்குவோம். அன்னைக்குன்னு பாத்து குழாய்ல தண்ணி வரலை. வேற வழி இல்லாம கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சு டீயைப் போட்டேன். பால் ஊத்துனா சரியாயிடும்னு நெனச்சேன். பால் ஊத்த ஊத்த ஊதாக் கலருக்குப் போகுது தம்பி. அதை வெள்ளி டம்ளர்ல ஊத்தி, மேகலா கையில குடுத்து அனுப்பினேன்.

மாப்பிள்ளையோட அப்பா டம்ளருக்குள்ள எட்டிப் பாத்தார். "இது என்ன, கஷாயமா?"ன்னு கேட்டார். மரியாதையாத்தான் கேட்டார். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள பொன்னழகக்கா முந்திக்கிட்டாங்க. "எங்க கிணத்துத் தண்ணி அப்படித்தாங்க. இரும்புச் சத்து. ஒடம்புக்கு நல்லது. பல்லுதான் கொஞ்சம் காவி ஏறும்."

அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஒண்ணா மேகலா பல்லைப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு சட்டுனு வாயை மூடிக்கிச்சு. அப்புறம் என்ன கேட்டாலும் மூடின வாயோட தலையைத் தலையை ஆட்டுது. பொண்ணு பேசாதோன்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்னாங்க. இன்னும் சொல்லி அனுப்பலை.

அவங்க கிளம்பிப் போனதும் மேகலா உள்ள போய் விழுந்து விழுந்து சிரிச்சா. "அந்தாள் மூஞ்சியைப் பாத்தியாம்மா? பெரியம்மா காப்பாத்துனாங்க"ன்னா. சின்னப் பொண்ணு, வெவரம் பத்தாது. ஆறு மாசத்துல திருச்சியில நல்ல இடம் அமைஞ்சு போச்சு, இப்ப ராசாத்தி மாதிரி இருக்கா, அது வேற. நம்ம வீட்டுக் குறையை நாலு பேர் முன்னாடி சொன்னது சொன்னதுதானே. அன்னையிலேருந்து நான் அக்காகூடப் பேசுறதில்லை. அவங்களும் பேசலை. நான் சண்டைக்காரி இல்லை தம்பி, ஊர்ல யாரை வேணா கேளுங்க. ஆனா ஒரு தடவை முடிவு பண்ணிட்டேன்னா பண்ணிட்டேன்.

பேசாம எப்படி இருக்கீங்கன்னு கேப்பீங்க. ஒரே கிணறு, காலையும் சாயங்காலமும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். ஏதாவது சொல்லியே ஆகணும்னா கோழிகிட்டச் சொல்லுவேன். "ஏ கோழி, மோட்டரைப் போட்டா நிறுத்தத் தெரியாதா, தண்ணி ரொம்பி வழியுது"ன்னு. அந்தப் பக்கம் மோட்டர் நின்னுடும். அவங்க ஆட்டுக்குட்டிகிட்டச் சொல்லுவாங்க. "கொடியில துணி கெடக்கு, மழை வருது, எடுக்க ஆளில்லையா"ன்னு. நான் ஓடிப்போய் எடுத்துடுவேன். அப்படி ஒண்ணும் செரமமா இல்லை.

மேகலாவுக்குத் தலைதீபாவளி வந்துச்சு. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோட வந்தார். நான் ஆசையா அதை வாங்கித் துவைச்சுப் போட்டேன். காஞ்சு வந்து பாத்தா, பழனிக்கு மாலை போட்டவர் சட்டை மாதிரி இருக்கு. மாப்பிள்ளை தங்கமான மனுசன். "அத்தை, எனக்கு இந்தக் கலர்ல சட்டையே இல்லை"ன்னு சொல்லிப் போட்டுக்கிட்டார். எனக்குத்தான் தாங்கலை. அன்னைக்கே வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், ஃபில்டர் வச்சாத்தான் இந்த வீட்ல இனிமே அடுப்பு எரியும்னு.

அவர் உடனே என்ன பண்ணினார் தெரியுமா? நேரா அண்ணன்கிட்டப் போய், "சேர்ந்து ஒண்ணு வைப்போமா"ன்னு கேட்டிருக்கார். என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அண்ணன் என்ன சொன்னாராம்? "அப்பா குடிச்ச தண்ணி இது. எண்பத்தெட்டு வயசு வரைக்கும் கண்ணாடி போடாம பேப்பர் படிச்சார். தண்ணியில குறை சொன்னா அப்பாவையே குறை சொன்ன மாதிரி"ன்னுட்டாராம். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துட்டார். அண்ணன்னா அவருக்கு உயிரு. அஞ்சாம் கிளாஸ்லேருந்து படிக்க வச்சது, வேலைக்குப் போக மொதச் சட்டை எடுத்துக் குடுத்தது எல்லாம் அண்ணன்தான். அதுக்காக நாம துரு குடிக்க முடியுமா?

பொங்கல் கழிஞ்சு உங்க கம்பெனி ஆளுங்க வந்து மாட்டினாங்க. என் ஒசரத்துக்கு நீல உருளை. உள்ள மணலு, கறுப்பு மணலு, என்னமோ அடுக்கடுக்காக் கொட்டினாங்க. மேல ஒரு கைப்பிடி. இந்தப் பக்கம் வச்சா ஃபில்டர், அந்தப் பக்கம் பேக்வாஷ், நடுவுல பைபாஸ். ஃபில்டர்ல இருந்தா சுத்தமாகித் தொட்டிக்குப் போகும். பைபாஸ்ல வச்சா மணலைத் தொடாம பழைய தண்ணி அப்படியே போகும். பேக்வாஷ்னா தண்ணி கீழேருந்து மேல ஏறி மணல்ல பிடிச்ச துருவைக் கழுவி வெளிய தள்ளும், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பண்ணணும். எல்லாத்தையும் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாங்க. அவர் ஃபிட்டர்ல, எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினார். நான் பக்கத்துல நின்னு காலண்டர் அட்டையில எழுதி வச்சுக்கிட்டேன். இன்னைக்கும் அந்த அட்டையைப் பாத்துத்தான் அவரே திருப்புறார்.

மொத பேக்வாஷ் அன்னைக்குக் குங்குமத்தைக் கரைச்சு ஊத்துன மாதிரி வந்துச்சு. இவ்வளவையுமா குடிச்சோம்னு வயித்தைத் தடவிப் பாத்துக்கிட்டேன். அந்தத் தண்ணி ஓடி சுவர் ஓட்டை வழியா அந்தப் பக்கம் போய், அக்கா போட்டிருந்த கோலம் மேல பரவிடுச்சு. நான் வேணும்னு பண்ணலை. தரை சாய்வு அப்படி. குழாயை அந்தப் பக்கம் திருப்பி வச்சது நான்தான், ஆனா சாய்வை நான் வைக்கலை. அவங்க வந்து பாத்துட்டு, ஆட்டுக்குட்டிகிட்டக்கூட ஒண்ணும் சொல்லாம வாளித் தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் போனாங்க. அன்னைக்கே வீட்டுக்காரர் மம்பட்டியை எடுத்து வாய்க்கால் வெட்டித் தென்னைக்குத் திருப்பி விட்டுட்டார். அந்த மனுசன் அவ்வளவு வேகமா ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததில்லை.

அப்புறம் எங்க வீடு வெளுத்துச்சு தம்பி. சோறு மல்லிகைப்பூ மாதிரி. டீ டீ மாதிரி. வர்றவங்களுக்கெல்லாம் தாகம் இருக்கோ இல்லையோ ஒரு சொம்பு தண்ணி குடுத்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். தபால்காரர் கொஞ்ச நாள் எங்க வீட்டுக் கடுதாசியை கேட்லயே சொருகிட்டு ஓடிட்டார்.

நாலு மாசம் இருக்கும். ஒரு நாள் கொடியில துணி போடுறேன், சும்மா கண்ணு போச்சு, அந்தப் பக்கக் கொடியில மூத்தார் வேட்டி. வெள்ளையா இருக்கு. உங்களுக்கு இது ஒண்ணும் பெரிசாத் தெரியாது. மூத்தார் வேட்டி எப்பவும் காவி தம்பி. எடுக்கும்போது வெள்ளை, மூணு தண்ணி பட்டா காவி. ஒரு தடவை திருவரங்குளம் கோயிலுக்குப் போயிருக்கார், அன்னதானத்துல சாமியார்னு நெனச்சு மொத எலையில உட்கார வச்சுக் கால்ல வேற விழுந்திருக்காங்க. அவரும் ஆசீர்வாதம் பண்ணிட்டுச் சாப்பிட்டு வந்தார். அப்படிப்பட்ட வேட்டி, இப்ப கண்ணு கூசுது.

புது வேட்டியா இருக்கும்னு விட்டேன். அடுத்த வாரம் அவரோட துண்டு. அப்புறம் பனியன். ஒரு மனுசன் பனியன்கூடவா மூணு புதுசு எடுப்பார்? எனக்கு மனசு அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. எங்க தொட்டி இருபது நிமிஷத்துல ரொம்பும். இப்ப பாத்தா மோட்டர் முக்கால் மணி நேரம் ஓடுது. ஏன்னு கேட்டா வீட்டுக்காரர், "வோல்டேஜ் இல்லை"ங்குறார். அந்தப் பக்க மோட்டர் தினம் அஞ்சு நிமிஷம் ஓடி நிக்குது, அதுவும் அந்தத் தண்ணி வாழைக்குப் போகுது, நான் பாக்குறேன்ல. அஞ்சு நிமிஷத் தண்ணியில ஒரு குடும்பம் குளிச்சுத் துவைக்க முடியுமா?

நான் யாரையும் ஒண்ணும் கேக்கலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில வீட்டுக்காரர் மோட்டர் போடுறதுக்கு முன்னாடி போய் கைப்பிடியை பைபாஸ்ல வச்சுட்டேன். ரெண்டு நாள் அப்படியே விட்டேன். மூணாம் நாள் எங்க வீட்டு டீ கறுத்துப் போச்சு. அவர் டம்ளரைப் பாத்தார், என்னைப் பாத்தார், குடிச்சார். "டீ நல்லா இருக்கு"ன்னார். முப்பது வருஷத்துல அந்த மனுசன் என் டீயை நல்லா இருக்குன்னு சொன்னது அன்னைக்குத்தான்.

நான் டம்ளரைக் கழுவுற மாதிரி கிணத்தடிக்குப் போய் நின்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தார் குரல் கேக்குது.

"என்ன இது, டீ பழையபடி கறுத்திருக்கு?"

"தேயிலை மாத்தியிருக்கேங்க."

"தேயிலை மாத்துனா இப்படியா கறுக்கும்?"

"இது மலைத் தேயிலை. அப்படித்தான் இருக்கும்."

"சரி விடு. குடிக்கிறதுதானே. எத்தனை வருஷம் குடிச்சோம்."

"வேணாம், கீழ ஊத்துங்க. நான் வேற போட்டுத் தர்றேன்."

புரியுதா தம்பி? எங்க ஃபில்டர் தண்ணி அங்க போகுது. அக்காவுக்குத் தெரியும். மூத்தாருக்குத் தெரியாது. அவர் கிணத்துத் தண்ணி தானாத் தெளிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கார். அண்ணன் வேணாம்னதை இந்த மனுசன் அண்ணிகிட்டப் பேசி, சத்தமில்லாம பைப்பு போட்டு விட்டிருக்கார். என் வீட்டுக்குள்ளயே எனக்குத் தெரியாம.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்பவே சுவரைத் தாண்டி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வாயைத் தொறக்குறேன், அதுக்குள்ள அக்கா குடத்தை எடுத்துக்கிட்டு வெளிய போறாங்க. தெருக்குழாய் அந்தக் கோடியில இருக்கு. அவங்களுக்கு ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு, வலது காலைச் சாய்ச்சுச் சாய்ச்சுத்தான் வைப்பாங்க. வெயில்ல போய், வரிசையில நின்னு, ஒரு குடம் தண்ணியோட ரெண்டு எடத்துல எறக்கி வச்சு எறக்கி வச்சு வர்றாங்க. ஒரு டம்ளர் டீக்கு. நான் வாசல்ல சாணி தெளிக்கிற மாதிரி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் உள்ள போய் கைப்பிடியை ஃபில்டர்ல திருப்பிட்டேன். பாவம் பாத்தெல்லாம் இல்லை. எங்க வீட்டு டீயும் கறுத்துச்சுல்ல, அதுக்காக.

அன்னைக்குச் சாயங்காலமே பைப்பைக் கண்டுபிடிச்சிட்டேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி மண்ணுக்குள்ள போகுது. வெளிய தெரியுற ஒரு சாண் பைப்புக்குச் சுவர் கலர்லயே பெயின்ட் அடிச்சிருக்கார். மண்ணு மேல பொன்னாங்கண்ணிக் கீரை நட்டு வச்சிருக்கார். இந்த வீட்ல ஒரு துளசிக்குத் தண்ணி ஊத்தாத மனுசன். வேலையைச் சும்மா சொல்லக்கூடாது தம்பி, ஒரு சொட்டு ஒழுகலை. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஜாயின்ட் போட்டிருக்க மாட்டார். நீங்க அங்க போகும்போது கீரையை மிதிச்சிடாதீங்க.

அவர்கிட்ட நான் கேக்கலை. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. அவரைப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது தம்பி, மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேன். ஒண்ணே ஒண்ணு சொல்லணும், ஃபில்டர் வந்ததுலேருந்து அவருக்குக் காய் வாங்குற சூட்சுமம் வந்திருக்கு. முன்னாடியெல்லாம் சந்தைக்கு அனுப்புனா முத்தலும் சொத்தையுமாத்தான் வரும். இப்ப முருங்கைக்காய் கொண்டாந்தார்னா, காலையிலதான் பறிச்ச மாதிரி காம்பு வாடாம இருக்கு. வாழைப்பூ, சீப்புச் சீப்பா வாழைக்காய். சந்தை இல்லாத நாள்லகூட எங்கேயோ தேடிப் பிடிச்சுடுறார். அந்தப் பக்கம் முருங்கை நெறையக் காய்ச்சுத் தொங்குது, வாழை தோப்பா நிக்குது, ஒரு காய் இந்தப் பக்கம் வந்ததா? நான் எதிர்பாக்குறவளும் இல்லை. வீட்டுக்காரர் திருந்துனதே போதும்.

நான் தாங்கிக்கிட்டதெல்லாம் ஒரு பக்கம். மூத்தார் வாய் ஒரு பக்கம். வேட்டி வெளுத்ததுலேருந்து அவரைக் கையில பிடிக்க முடியலை. டீக்கடை, ரேஷன் கடை, சாவு வீடு, எங்க போனாலும் தண்ணிப் பேச்சுத்தான். "ஃபில்டர் எல்லாம் ஏமாத்து வேலை. கிணறு பொறுமையா இருந்தா தானா ஊறித் தெளியும். என் தம்பி அவசரப்பட்டு ஒரு பீப்பாயை வாங்கி நட்டுட்டான்"னு. எங்க தண்ணியைக் குடிச்சுக்கிட்டு எங்க ஃபில்டரையே சொல்றார். கேக்குற எனக்கு எப்படி இருக்கும்?

ஆவணி மாசம் பங்காளி வீட்ல காதுகுத்து. எல்லாரும் போயிருந்தோம். பந்தியில எனக்கு எதிர் வரிசையில மூத்தார், அவருக்குப் பக்கத்துல எங்க வீட்டுக்காரர். எலையில சோறு விழுந்தது, மூத்தார் ஆரம்பிச்சிட்டார். வேட்டியை விரலால தூக்கிக் காட்டுறார். "பாருங்கப்பா, வெறும் கிணத்துத் தண்ணி, நீலம்கூடப் போடலை. இதே கிணத்துக்கு இந்தப் பக்கம் ஞாயித்துக்கிழமை ஆனா பீப்பாய்க்கு அபிஷேகம் நடக்குது." பந்தியே சிரிக்குது. எங்க வீட்டுக்காரர் தலை நிமிரலை, அப்பளத்துல விரலால ஓட்டை போட்டுக்கிட்டிருக்கார்.

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னேன். கொஞ்சம் சத்தமா வந்துடுச்சு போல. சிரிப்பு நின்னு போச்சு. ரெண்டு வருஷமா அந்த வீட்டு ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாதவ, பந்தியில வாயைத் தொறந்தா எல்லாரும் திரும்பத்தானே செய்வாங்க. வீட்டுக்காரர் அப்பளத்தை மொத்தமா நொறுக்கிட்டார்.

அப்ப யாரோ எனக்குப் பக்கத்துல வந்து நின்னாங்க. "வள்ளிக்கண்ணு, ரசம் ஊத்தட்டா?"

அக்கா. கையில ரச வாளி. ரெண்டு வருஷத்துல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அப்பத்தான். நான் நிமிந்து பாத்தேன். நடுவுல இருந்த எலையெல்லாம் விட்டுட்டு நேரா என் எலைக்குத்தான் வந்திருக்காங்க. எதுவும் கேக்கலை அவங்க. கண்ணைக் கூடச் சிமிட்டலை. ரசம் ஊத்தட்டான்னு மட்டும்தான்.

"ஊத்துங்கக்கா"ன்னேன்.

ஊத்துனாங்க. சோத்துல குழி பண்ணாம வச்சிருந்தேன், அது பாட்டுக்கு எலையைத் தாண்டி என் பொடவையில ஓடுது. ரெண்டு பேரும் கவனிக்கலை.

மூத்தார் விடலை. "என்னமோ சொல்ல வந்தியேம்மா."

என்னத்தைச் சொல்ல. "வேட்டி ரொம்ப வெள்ளையா இருக்கு மாமா. நம்ம கிணத்துல தண்ணி நல்லா ஆயிடுச்சு"ன்னேன்.

அந்த மனுசன் மூஞ்சியைப் பாக்கணுமே. கலெக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. "கேட்டியாடா, உன் பொண்டாட்டியே சொல்லிட்டா"ன்னு தம்பி முதுகுல ஒரு தட்டு தட்டினார். வீட்டுக்காரருக்குப் பொரை ஏறிடுச்சு. நான் பொய்யே சொல்ல மாட்டேன் தம்பி, அன்னைக்குச் சொன்னது ஒண்ணுதான். அதுவும் பந்தியில, முப்பது பேர் முன்னாடி, என் ஃபில்டரை நானே கேவலப்படுத்தி. வீட்டுக்கு வந்து அதை ஒரு தடவை நல்லாத் தொடச்சு விட்டேன்.

அதுக்கப்புறம் பேசிக்கிறோமான்னா, பேசுறதில்லை. கோழியும் ஆட்டுக்குட்டியும்தான். கொஞ்சம் கூடப் பேசுதுங்க, அவ்வளவுதான். போன மாசம் அவங்களோட இருக்குற மகனுக்குப் பெண் குழந்தை பொறந்திருக்கு. மருமக தாய் வீட்டுக்குப் போகலை, பிரசவம் பாத்தது இங்கதான். மூக்கு எங்க மாமனார் மூக்கு. நான் பாக்கலை, கோழிகிட்டச் சொன்னேன், "மூக்கு யாரு மாதிரி"ன்னு, அவங்க ஆட்டுக்குட்டிகிட்டப் பதில் சொன்னாங்க. தினம் பத்து மணிக்குப் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுறாங்க. கொடி பூரா பிள்ளைத் துணி, கர்சீப் கர்சீப்பா. அந்தத் துணியில போன வாரம் நான் ஒரு மஞ்சள் பாத்தேன் தம்பி. அது பிள்ளை பண்ண மஞ்சள் இல்லை. அது இரும்பு.

அன்னைக்குத்தான் உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன்.

அஞ்சு வருஷம் வரும்னு சொன்ன மணலு பதினோரு மாசத்துல அடைச்சுப் போச்சு. மீட்டர்ல முள்ளு சிவப்புல நிக்குது. பேக்வாஷ் வாரத்துக்கு ரெண்டு தடவை பண்ணிப் பாத்தாச்சு. மணலு மேல தப்பில்லை, உங்க கம்பெனி மேலயும் தப்பில்லை, எனக்குத் தெரியும். நான் கேக்குறது மணல் மாத்துறது இல்லை. உருளையையே மாத்துங்க. இதைவிடப் பெரிசு இருக்குல்ல? படத்துல பாத்தேன், இதைப்போல ரெண்டு மடங்கு. அதை வைங்க.

என்ன தம்பி, ஃபாரமா? குடுங்க நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. பேரு வள்ளிக்கண்ணு. தண்ணி எங்கேருந்து, கிணறு. ஆழம் நாப்பது அடி. மாத்துறதுக்குக் காரணம்னு இருக்கா, அதுல கிணத்துல இரும்பு கூடிப்போச்சுன்னு எழுதுங்க. அவர் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்க. பைப்பைப் பாத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க எந்தப் பைப்பையும் பாக்கலை.

அடுத்தது என்ன, வீட்ல எத்தனை பேரா? ரெண்டு பேருன்னு எழுதப் போனீங்களா? நில்லுங்க. ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய உருளை எதுக்குன்னு உங்க மேனேஜர் கேப்பார்.

ஏழுன்னு எழுதுங்க.

பேரெல்லாம் எதுக்குத் தம்பி, அப்படி ஒரு கட்டம் இருக்கா என்ன? ஏழு, அவ்வளவுதான். கைக்குழந்தையைச் சேக்கணுமான்னா, சேத்துத்தான் சொல்றேன். அதுதான் இப்ப எல்லாரையும் விட அதிகமாத் தண்ணி செலவு பண்ணுது.